சலரோகமும் சயரோகமும்

"சயரோகம் அந்தக் குடும்பத்துக் குருதியிலே ஓடுகிறது" என்று சொல்லிச் சம்பந்தம் பேச மறுப்போர் நம்மிடையே இன்றும் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

சயரோகம் தொற்றுநோய். அதனை விளைக்கும் கிருமியை ஜேர்மன் அறிஞர் றொபேட் கொக் 1882ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தார். ஆயினும், கிருமி புகுந்தோர் யாவரும் நோயாளராவதில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேர் வரையிலானோரே வாழ்நாளில் நோய்ப்படுகின்றனர். இவ்வேறுபாட்டிற்குப் பரம்பரையும் ஒரு காரணம். கல்மன், றைஸ்னர் என்னும் இருவர் இரட்டையரை ஆராய்ந்து 1943இல் முடிவை வெளியிட்டனர். இரட்டையருள் ஒருவருக்குச் சயம் கண்டவிடத்து மற்றவருக்கும் அது காண்பது, ஒரே கருவிலிருந்து பிரிந்தோரிடத்தே மிகுதியாயிருந்தது. ஆகவே, மரபிலே வருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே.

இனி, 'சீனி வருத்தம்' என நாம் வழங்கும் சலரோகத்தை நோக்குவோம். 1921இல் ரொறன்ரோவிலே இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன், சலரோகியர் பலரின் உயிரைக் கவர்ந்தது சயமே. இன்றும் அவர்க்குச் சயம் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் இரண்டு மூன்று மடங்காகும். காரணம் யாது? நுரையீரலிற் புகும் கிருமியை விழுங்கி அழிக்கும் காவற்கலங்கள் நம்மிடம் உள. அவற்றின் ஆற்றலை வகுப்பதிற் பரம்பரையலகுகளுக்குப் பங்குண்டு. குருதியிலே சீனி நெடுநாள் மிகுந்திருப்பின், அதே கலங்கள் சோர்வுறுகின்றன. தந்தை அடைத்துத் தந்த வேலி உறுதியானதேயாயினும், நாம் அதிற் பொட்டு விட்டால் ஆடு புகாதோ? முன்னமே நொய்ந்த வேலியாயின் சொல்லவும் வேண்டுமோ?

பரம்பரையலகை மாற்றுதல் நமக்கு இயலாது. சீனியை அடக்குதல் இயலும். உணவிலும் மருந்திலும் ஒழுங்கு வேண்டும். சலரோகமுடையார் இரு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிப்பித்தல் கடன். சயம் கண்டோர் குருதிச் சீனியையும் பார்ப்பித்தல் நன்று. வழக்கமான சயத்திற்கு ஆறு மாதம் தவறாது மருந்துண்டால் பெரும்பாலார் குணமடைவர்.

குடும்பத்தைப் பழித்து ஒதுக்குவதால் விளைவது யாது? பிள்ளைக்குச் சம்பந்தம் தவறுமே என்றஞ்சித் தாய் தன் இருமலை மறைப்பாள். மறைத்த நோய் அப்பிள்ளையையே முதலிற் பற்றும். மாணவர் இதனை வீட்டிலுள்ள பெரியோர்க்கு எடுத்துரைப்பாராக.