சட்டையில் ஒரு போர் விமானம்

நாலாயிரம் அடிக்கு மேல் அமைந்த நமது ஹட்டனின் குளிருக்குப் பிள்ளைகள் இப்போது விரும்பி அணிவது, தலைமூடி வைத்த 'ஹூடி' என்னும் மேற்சட்டையே. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிகொல்லியும் இன்றி விளைந்த பருத்தியில் தைத்து, யுத்தகாலப் பரிசோதனை விமானத்தின் சாயலில் அழகுபடுத்தியும் இதனை விற்கின்றனர்.

மண்ணுக்கு இதமான சட்டையில் மனிதரை மாய்க்கும் கருவியா என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரிலும் விமான ஒலி கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆயினும், பரிசோதனை விமானங்கள் யாவும் போர்க்களம் கண்டவையல்ல. அமெரிக்கர் மரத்தாலும் துணியாலும் அமைத்த வி-173 என்னும் விமானம், நம் வீட்டு அப்பம் போல வட்டமானது. 'பறக்கும் அப்பம்' என்றே பொருள்படும் பட்டப்பெயரும் அதற்குண்டு. குறுகிய இடத்திலேயே மேலெழுந்து இறங்கும் ஆற்றலை நாடிச் செய்த அது, 1942 நவம்பர் 23ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு சமைத்த போர் விமானமோ, எவரையும் கொல்லாமலே 1947இல் உடைக்கப்பட்டது.

பெற்றோர் இவ்விரு கதைகளையும் பிள்ளைக்குச் சொல்லட்டும். விமானத்தை வியக்கும் மனம், குண்டுக்கு அஞ்சிய குழந்தையையும் நினைக்கப் பழகும். சட்டையைச் சற்றுப் பெரிதாகவே வாங்குவோம். மூத்தவனுக்குப் பின் இளையவளும் அணிந்தாலன்றோ மண்ணுக்குச் செய்த நன்மை முழுமை பெறும்? சட்டையோடு கதையும் அவளைச் சேரட்டும்.