பெயரை அடிக்கும் முன்

முதலாண்டில் நெருக்கியடித்து அமர்ந்த பெஞ்சுகள் மூன்றாம் ஆண்டில் இடம்விட்டு நிற்பதை யார்தான் காணவில்லை? வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படுகிறது. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமும் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு சரிதானா என்று எண்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டு தன் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. முழுநேரம் படிக்கச் சம்மதிப்போருக்கு, உதவித்தொகை போக எஞ்சிய கட்டணம் தள்ளுபடி, பாடநூல் உதவி, இலவசப் பயண அட்டை, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர். இதன் பயனை அறிய, 2010-இல் ஏறத்தாழ 900 ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆய்வு தொடங்கினர். மூன்றாண்டுக்குப் பின் எண்ணியபோது, வழக்கம்போல் படித்தோரில் 22 விழுக்காட்டினரும், உதவி பெற்றோரில் 40 விழுக்காட்டினரும் பட்டம் பெற்றிருந்தனர். குலுக்கல் அறிவாளிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை அன்றோ? ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் மூளை அன்று, கிடைத்த துணையே!

ஆனால், எண்களைத் தவறாகவும் கையாளலாம். மேரிலாந்து மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத் தலைவர், புதிய மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துத் தடுமாறுவோரை இனங்கண்டு, தொடக்க வாரங்களிலேயே வெளியேற்ற முனைந்ததை 2016 ஜனவரியில் மாணவர் இதழே அம்பலப்படுத்தியது. நோக்கம், கல்லூரியின் விழுக்காடு உயர்ந்து தெரிய வேண்டும் என்பதே. கண்டனம் வலுக்கவே, அடுத்த மாதம் அவர் பதவி விலகினார்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளியில் பயின்று வரும் மாணவியர்க்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கப்பட்டன. நல்ல துணைதான். எனினும் என் வகுப்பில் நால்வர் நின்றுவிட்டனர். முதல் பருவத்தில் நால்வருமே தேறியவர்கள். ஒருவர் தந்தையை இழந்து மளிகைக் கடை வேலைக்குப் போனார். ஒருத்திக்குத் திருமணம். ஒருவருக்குக் காலைப் பேருந்து நின்றுபோயிற்று. நான்காமவர் ஏன் நின்றார்? யாரும் கேட்கவில்லை.

நான் வேண்டுவது பெரிய இயந்திரம் அன்று. ஒரு மாணவர் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், அந்த வாரமே வகுப்பிலிருந்து ஒருவர் சென்று காரணம் கேட்கட்டும். விடையைப் பெயரின்றி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். ஆண்டிறுதியில் எண்ணினால் பேருந்தா, வறுமையா, அரியரா என்பது விளங்கும். பேருந்து எனில் பணிமனைக்கு மனு. அரியர் எனில் மாலை வகுப்பு. அக்குறிப்பேடு எவரையும் தண்டிக்கவோ, அறிவிப்புப் பலகையில் ஒட்டவோ பயன்படலாகாது.

பேராசிரியப் பெருமக்கள் இசைவளித்தால், வரும் கல்வியாண்டில் முதலாண்டு வகுப்பொன்றில் இதைத் தொடங்கலாம். வீடு தேடிச் செல்ல மாணவர்களாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.