ஒரே ஒரு ‘எ’ என்ன செய்துவிடும்?

நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலைக்குப் போக முடிவெடுத்த ஓர் அம்மா, நேர்காணலுக்காக வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வேலையில் தனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதை ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்.’

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பதறிவிட்டாள். “ஐயோ அம்மா, அப்படிச் சொன்னா அனுபவமே இல்லைங்கிற மாதிரி ஆயிடும். ‘எ லிட்டில்’னு சொல்லும்மா.”

“ஒரு ‘எ’யில என்னடி வந்துடப் போகுது?”

வேலையே கைநழுவிப் போகலாம்! ‘லிட்டில்’ என்று மட்டும் சொன்னால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற பொருள் வந்துவிடும். ‘எ லிட்டில்’ என்றால்தான் ‘கொஞ்சம் இருக்கிறது’. ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ கதையும் இதுதான். விழாவுக்கு ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் கூட்டமே இல்லை என்ற வருத்தம். ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்திருந்தார்கள்.

சரி, எங்கே ‘ஃபியூ’, எங்கே ‘லிட்டில்’? இதற்குத் தமிழே கை கொடுக்கிறது. ‘எத்தனை இட்லி வேண்டும்?’ என்கிறோம், ‘எவ்வளவு சாம்பார் வேண்டும்?’ என்கிறோம். இட்லியை எண்ணலாம், சாம்பாரை எண்ண முடியாது. ‘எத்தனை’ வரும் இடத்தில் மெனி, ஃபியூ, ஃபியூயர். ‘எவ்வளவு’ வரும் இடத்தில் மச், லிட்டில், லெஸ். ‘எ லாட் ஆஃப்’, ‘சம்’ இரண்டும் இரு பக்கமும் பொருந்தும்.

பணத்தை எண்ணத்தானே செய்கிறோம் என்று கேட்கலாம். எண்ணுவது ரூபாயை, ‘எத்தனை பணம்’ என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ‘ஹவ் மச் மனி’, ஆனால் ‘ஹவ் மெனி ருப்பீஸ்’.

இந்தச் சூத்திரமும் சில இடங்களில் காலை வாரிவிடும். தமிழில் நாலு அறிவுரை, ரெண்டு செய்தி, மூணு தகவல் என்று தாராளமாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ், நியூஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாமே எண்ண முடியாதவை. ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’ என்று ‘ஸ்’ சேர்ப்பது தவறு. எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’ எனலாம்.

அம்மா மறுபடி சொல்லிப் பார்த்தார்: ‘ஐ ஹேவ் எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்.’

மகள் யோசித்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் வேலை பார்த்தேதானே? அதை ஏம்மா கொஞ்சம்னு சொல்றே?”

உண்மைதான். அனுபவத்தை எண்ண முடியாது, வருடங்களை எண்ணலாமே! இந்த முறை அம்மாவின் குரல் தயங்கவில்லை: ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்.’