அஞ்சுவண்ணம்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘அஞ்சுவண்ணம் தெரு’வைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தக்கலையில் ஒரு ஜமாஅத்தின் பெயரிலும் அது இருக்கிறது. மீரான் எழுதுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செம்பில் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜூதப்பள்ளிக்கு, அதாவது யூத வழிபாட்டுத் தலத்துக்கு, உரியது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 விடுபேறுகளையும் வழங்கிய சாசனம் அது. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று விரியும் உரிமைகள். எழுத்து வட்டெழுத்து. மொழியும் நமக்கு அந்நியமில்லை.

அஞ்சுவண்ணம் என்றால் என்ன? ‘அஞ்சு’, ‘வண்ணம்’ என்று பிரித்து, ஐந்து வருணம் என்றும் ஐந்து கைவினைச் சாதி என்றும் பொருள் சொல்லிவந்தார்கள். அது மேற்காசியக் கடல் வணிகர்களின் சங்கம், பாரசீகத்து ‘அஞ்சுமன்’தான் நம் நாவில் இப்படித் திரிந்தது என்று எ. சுப்பராயலு போன்ற ஆய்வாளர்கள் பிறகு விளக்கினார்கள். அஞ்சுமன் என்றால் கூட்டம், அவை. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. அதில் சாட்சிகள் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் பாரசீகத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிமும் பார்சியும் யூதரும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்காக ஒரே ஏட்டில் கையெழுத்துப் போட்ட கரை அது.

கூடிவந்தவர்களைக் குறித்த சொல்லுக்குள் வருணத்தைக் கேட்ட காது நம்முடையது. அதை வெறும் சொல்லாராய்ச்சிப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் மட்டாஞ்சேரியில் அந்தப் பிழை வாழ்க்கையாகவே நடந்தது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த யூதர்கள் 1568இல் கட்டியது பரதேசிப் பள்ளி. தமிழில் வசவாகிப்போன ‘பரதேசி’ இங்கே குலப்பெருமை. உள்ளூர் மலபார் யூதர்களோடு அவர்கள் மணவுறவு கொள்ளவில்லை. தங்கள் வீட்டு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் ‘மெஷுஹ்ராரிம்’ என்றார்கள். எபிரேயத்தில் விடுதலை பெற்றவர்கள் என்று பொருள். விடுதலை பெற்ற பிறகும் பள்ளிக்குள் அவர்களுக்கு ஆசனம் இல்லை. யூத வேதமான தோராவை வாசிக்கும் உரிமையும் இல்லை. முறைப்படி முழுக்குச் சடங்கு முடித்தவர்கள் முழு யூதர்களே என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் யூத மதகுரு டேவிட் இப்ன் சிம்ரா தீர்ப்பெழுதி அனுப்பியிருந்தார். அந்த ஓலை வந்த பிறகும் பல தலைமுறைகள் முன்னறையில்தான் உட்கார்ந்தன.

செப்பேட்டை மறுபடி வாசிக்கிறேன். ரப்பானின் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், உலகமும் நிலவும் உள்ளவரை என்று அது சொல்கிறது. இந்தப் பிரிவினைகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ‘விடுபேறு’ என்பதில் உள்ள ‘விடு’தானே விடுவிக்கப்பட்டவர்கள் என்பதிலும் இருக்கிறது? முன்னது பல்லக்கில் ஏறியது. பின்னது வாசற்படியில் நின்றது.

அந்தப் படியிலிருந்து எழுந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், ‘யூதக் காந்தி’ என்று பெயர் பெற்றவர். ஊர்ச் சாலையில் நடத்த வேண்டிய சத்தியாக்கிரகத்தை அவர் தன் சொந்தப் பள்ளிக்குள் நடத்தினார். தன் மக்களுக்கு எதிராக, அவர்களிடமே இடம் கேட்டு, பல ஆண்டுகள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் உட்கார இடம் கிடைத்தபோது பக்கத்தில் உட்கார ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். 1950களில் மலபார் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். பரதேசிகளும் பின்னர் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள்.

இந்தப் பள்ளிக்குப் போகும் வாசனைப்பொருள் மணக்கும் தெருவின் பெயர் இன்று ஏ.பி. சேலம் சாலை.