சப்பாத்தும் புதுப் பெயரும்



காரைக்கால் தலத்தெருப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகத்துக்கு முன்னால் வந்து விழுகிற கேள்வி, "பிரெஞ்சு நேஷனாலிட்டியா?" என்பதுதான். மாப்பிள்ளை பாரிஸ் ஹோட்டலில் பாத்திரம் கழுவினாலும் ஊருக்கு அவர் பிரான்ஸ்காரர். கேலி செய்ய எனக்கு மனசில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் மண்ணில் இந்த ஆசைக்கு வயது அதிகம்.

1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாதென்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அப்புறம் வந்தது 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை. அதன்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டேன், இனி பிரெஞ்சு சிவில் சட்டம்தான் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு திரும்பி வர வழியில்லை. புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' ஆனார். எழுதிக் கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்டோரும் கிறிஸ்தவர்களும் அதிகம். மேல்சாதிக்காரர்களோ உள்ளூர்த் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் பின்னால் நின்று எதிர்த்தார்கள். இருந்த இடமே அவர்களுக்கு வசதி!

சரி, சமம் கிடைத்ததா? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கினார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பத்திரத்தில் பிரெஞ்சுக்காரர், பட்டியலில் நடுவாந்திரம்.

எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் கப்பலேறி, அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்குப் போனார்கள். சுங்கத்திலும் போலீஸிலும் உத்தியோகம்; பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் ஓட்டு. ஒரே ஆளுக்குப் பிறந்த தெருவில் ஒரு மதிப்பு, புதுவைப் பட்டியலில் ஒரு மதிப்பு, சைகோனில் ஒரு மதிப்பு. மூன்றும் நிஜம்தான். லீவில் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து எதைப் பேசியிருப்பார்? சைகோனைத்தான். நாமும் அதைத்தான் பேசுவோம்.

அதில் பெரிய கேடில்லை, பேசுகிறவருக்கு மற்ற இரண்டும் ஞாபகம் இருக்கிறவரை. பாத்திரம் கழுவுகிற மாப்பிள்ளைக்குத் தன் கை காய்த்திருப்பது தெரியும். எனக்குக் கவலை மாமனாரைப் பற்றித்தான். "நம்ம மாப்பிள்ளை பிரான்ஸ்ல" என்று சொல்லிச் சொல்லி, தானே பாதி பிரான்ஸ்காரர் ஆகிவிடுகிறார். சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்தில் முன்வரிசை நாற்காலி கிடைக்கவில்லையென்று சாப்பிடாமல் எழுந்து போகிறார்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்த பழைய பத்திரம் இருந்தால், ஒரு நகல் அனுப்புங்கள். அதிலுள்ள புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் யார், ஊர் அவரை எப்படிக் கூப்பிட்டது என்று ஆத்தா, தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். பெருமையாகச் சொன்னதோடு, சொல்லக் கூச்சப்பட்டதையும் சேர்த்து எழுதினால் முதலில் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்