யாரோடு உண்டாய் என்று கேளுங்கள்



பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளையைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பிக் கல்லூரி விடுதியில் சேர்ப்பதே பெரும் பிரிவாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று நம் பங்குகளில் பல இல்லங்களிலிருந்து பிள்ளைகள் கடல் கடந்து படிக்கச் செல்கின்றனர். முழுப் பட்டப் படிப்புக்காகச் செல்வோர் ஒரு சாரார். இங்குள்ள கல்லூரியில் படித்துக்கொண்டே, இரு நிறுவனங்களுக்கும் உள்ள உடன்படிக்கையின்படி ஒரு பருவமோ ஓராண்டோ அயல்நாட்டில் பயின்று திரும்பும் பரிமாற்று மாணவர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். "ஆறு மாதந்தானே, கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவான்" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் புதிய ஊரில் வேர் பிடிக்க ஆறு மாதம் போதாது. தனிமையில் வாடுவதற்கோ அது மிக நீண்ட காலம்.

எடுத்துக்காட்டாக ஒரு நகரை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸிலிருந்து இரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் லூவேன் நகரை அடையலாம். அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் 1425ஆம் ஆண்டு உருவானது. செபமாலைக்குப்பின் மன்றாட்டு மாலையில் ஞானத்தின் உறைவிடமாக நாம் அழைக்கும் தேவதாயின் உருவமே அதன் முத்திரை. பெல்ஜியத்தோடு நமக்குப் பழைய உறவும் உண்டு. 1893இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரால் கண்டி நகரில் நிறுவப்பட்டு, இந்தியக் குருமாணவர்களை உருவாக்கி, 1955இல் புனேவுக்கு மாற்றப்பட்ட குருமடத்தை நடத்தி வந்தவர்கள் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருக்களே.

ஐரோப்பாவில் மாணவர் பரிமாற்றம் என்றாலே எராஸ்முஸ் என்னும் பெயர்தான் எல்லார் நாவிலும் வரும். 1987இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவரோடும் தொடங்கிய அத்திட்டம் பின்னர் ஐரோப்பாவுக்கு அப்பாலும் விரிந்தது. அப்பெயருக்குரிய எராஸ்முஸ் ஒரு குருவானவர். ஊர் ஊராய்ச் சென்று கற்ற பேரறிஞர். 1517 முதல் 1521 வரை அவர் இதே லூவேனில் வாழ்ந்தார். அவருடைய நண்பர் புனித தாமஸ் மூர் எழுதிய "உட்டோப்பியா" முதன்முதலாக அச்சேறியதும் இந்நகரில்தான், ஆண்டு 1516. ஆகவே அயலூர் மாணவரை ஏற்பது லூவேனுக்குப் புதிதன்று. ஆனால் ஊர் ஏற்றுக்கொள்வது வேறு. நம் பிள்ளை அவ்வூரில் ஒன்றிப்போவது வேறு.

முதல் வாரங்கள்

செப்டம்பர் இறுதியில் வகுப்புகள் தொடங்குகின்றன. அதற்கு முன்னரே தங்கும் அறை உறுதியாக வேண்டும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு, அறிமுகமில்லாதவருக்கு முன்பணம் அனுப்புதல் ஆகாது. பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதிப் பிரிவு வழியாகத் தேடுவதே பாதுகாப்பானது. அங்கே மாணவர் அறையைக் "கொட்" என்பர். அறை தனி, சமையற்கட்டு பெரும்பாலும் பொது. குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. நம் வீட்டு வழக்கப்படி மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தால், புகையறியும் கருவி அலறி மாடி முழுவதையும் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடும். சன்னலைத் திறந்து, அடுப்பைக் குறைத்து, பிறரிடம் சொல்லிவிட்டுச் சமைக்கப் பழக வேண்டும்.

வந்து சேர்ந்தவுடன் நகராட்சியில் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம். பிறகு அவ்வட்டாரக் காவலர் ஒருவர், அம்மாணவர் மெய்யாகவே அங்கே குடியிருக்கிறாரா என்று நேரில் வந்து பார்ப்பார். அதன்பின்னரே தங்கும் உரிமைக்கான அட்டை கிடைக்கும். "வீட்டுக்குப் போலீஸ் வந்தது" என்று பிள்ளை சொல்லக் கேட்டுப் பெற்றோர் பதற வேண்டியதில்லை. அது அந்நாட்டு நடைமுறை. அழைப்புமணிக்கருகே தன் பெயரை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

லூவேனில் மாணவர் வாகனம் மிதிவண்டி. வண்டிகள் யாவும் வலப்புறமாகச் செல்லும் நாடு அது. இருபது ஆண்டு இடப்புறம் பழகிய கண், தெருவைக் கடக்கையில் தவறான திசையை நோக்கும். முதல் மாதம் இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இரவில் விளக்கில்லாத மிதிவண்டிக்கு அபராதமும் உண்டு.

மது பற்றியும் ஒரு சொல். பெல்ஜியத்தில் 16 வயது நிரம்பியவருக்குப் பீர் விற்கச் சட்டம் இடந்தருகிறது. லூவேனின் பழைய சந்தைச் சதுக்கமோ வரிசையாக மதுக்கடைகள் நிறைந்தது. மாணவர் கூடிப் பேசும் இடமும் அதுவே. "அந்தப் பக்கமே போகாதே" என்று ஆணையிட்டால், பிள்ளை ஒன்று பொய் சொல்லும். அல்லது நண்பரின்றித் தனித்திருக்கும். "போ, அமர்ந்து பேசு, வேண்டாததை வேண்டாமென்று சிரித்த முகத்தோடு சொல்" என்று கற்பிப்பதே விவேகம். பழச்சாறு கேட்பவரை அங்கே எவரும் கையைப் பிடித்து வற்புறுத்துவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை

இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். உண்மையான சோதனை வேறொன்று. லூவேனில் பயிலும் அந்நாட்டு மாணவர் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமை மாலையில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இரயில் நிலையம் செல்வர். பெற்றோரிடம் இரு நாள் தங்கி, ஞாயிறு மாலை திரும்புவர். அதுவரை கலகலத்த மாடி திடீரென்று அமைதியாகிவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகளும் அடைத்திருக்கும். டிசம்பரில் காலை எட்டரை மணிக்குப் பின்னரே சூரியன் எழுகிறது. மாலை ஐந்துக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. மழையும் இருட்டுமான அந்த இரு நாட்களில், எவர் முகமும் காணாமல் அறைக்குள் கிடக்கும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு நினைவு நோயாக முற்றுவது அந்நேரத்தில்தான்.

நம் பிள்ளை ஞாயிறு திருப்பலிக்கென்று புறப்பட்டால் கோவிலிலும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கலாம். நம் ஊரில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்று பூசை கண்ட பிள்ளை, அங்கே வானளாவிய கோவிலில் நரைத்த தலைகள் சிலவற்றையே காணும். கொடியேற்றமில்லை, சப்பரமில்லை, பாடற்குழுவில் அத்தையும் சித்தப்பாவும் இல்லை. "வந்தாயா?" என்று கேட்பவரும் இல்லை. இதுவரை ஊரோடு சேர்ந்து கோவிலுக்குச் சென்றவர், முதன்முறையாகத் தாமே தீர்மானித்துச் செல்ல வேண்டும். விசுவாசம் பழக்கமாக மட்டும் இருந்தால் இங்கே உதிர்ந்துவிடும். வேர் இருந்தால் இங்கேதான் ஆழப்படும். லூவேனில் பல்கலைக்கழகத்துக்கெனத் தனிப் பங்கும் அயல்நாட்டு மாணவர் கூடும் குழுமமும் உள்ளன. ஆப்பிரிக்க, பிலிப்பைன்ஸ், இலத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் ஊருக்குப் போக முடியாமல் அதே ஞாயிறன்று அதே நகரில் தனித்திருப்பர். அவர்களைத் தேடிச் செல்வதே தனிமைக்கு மருந்து.

அந்நகரில் நம் பிள்ளைகள் தவறாமல் சந்திக்க வேண்டிய ஒருவர் உண்டு. புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் நிலவறையில் துயில்கொள்ளும் புனித தமியான் அவர். 1840இல் அருகிலுள்ள திரெமெலோவில் பிறந்தவர். லூவேனில் திரு இருதயங்களின் சபையில் சேர்ந்தவர். நோயுற்ற தமையனுக்குப் பதிலாகக் கப்பலேறி, 1864இல் ஹவாய் சேர்ந்து அங்கேயே குருப்பட்டம் பெற்றார். அம்மக்களின் மொழியைக் கற்றார். 1873இல் மொலக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் சென்று, அவர்களில் ஒருவராகி, 1889இல் உயிர்நீத்தார். 1936இல் அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டது. 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அயல்மண்ணை அண்டை வீடாக்கிக்கொள்ளும் வழியை அவரைவிட நன்கு கற்பிப்பவர் யார்?

அவ்வழியின் முதற்படி மொழி. ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது என்பதற்காக டச்சு மொழியைப் புறக்கணிப்பது சரியன்று. மொழிச் சிக்கலால் 1968இல் அப்பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிய நேர்ந்தது. பிரெஞ்சு மொழிப் பிரிவு லூவேன்-லா-நெவ் என்னும் புதுநகர் கண்டு குடிபெயர்ந்தது. தாய்மொழிப்பற்று எத்தகையதென்று தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரொட்டிக் கடையில் அவர்கள் மொழியில் ஒரு வணக்கமும் ஒரு நன்றியும் சொல்லும் மாணவரை அவ்வூர் விரைவில் தன் பிள்ளையாகக் காணும்.

பெற்றோர் செய்யத்தக்கது

முற்காலத்தில் கடிதம் போய்ச்சேர வாரங்கள் ஆகும். இன்று முகம் பார்த்தே பேசலாம். இது நன்கொடைதான், ஆயினும் அளவு மீறினால் தீங்கு. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அழைத்து, "சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறோம். பிள்ளையும் அறையில் அமர்ந்து நம்மோடு பேசிக்கொண்டேயிருக்கிறது. அதன் உடல் லூவேனில். உள்ளமோ நம் வீட்டுக் கூடத்தில். இரண்டு ஊரிலும் அது வாழவில்லை. ஆகவே நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி. நாம் உறங்கப்போகும் இரவு பத்து மணி, குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரை: நண்பரோடு வெளியே செல்லும் வேளை. அவ்வேளையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பேசும்போது "என்ன உண்டாய்?" என்பதற்கு மாறாக, "யாரோடு உண்டாய்?" என்று கேளுங்கள். தொடர்ந்து பல வாரங்கள் "தனியாகத்தான்" என்ற விடை வருமானால், அதுவே நாம் கவலை கொள்ள வேண்டிய செய்தி. அப்போது கண்டிக்காமல், பல்கலைக்கழகத்தின் மாணவர் நல ஆலோசகரையோ பங்குக் குழுமத்தையோ நாடும்படி அன்போடு தூண்டுங்கள்.

வேதாகமத்தில் இதற்கோர் அழகிய முன்மாதிரி உண்டு. பார்வையிழந்த தோபித்து தன் ஒரே மகன் தோபியாவைத் தொலைவிலுள்ள மேதியாவுக்கு அனுப்புகிறார். அறிவுரை கூறுகிறார்; நம்பத்தக்க வழித்துணை ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொல்கிறார்; துணைவருக்கு நாட்கூலியும் பேசுகிறார். அத்துணைவர் வானதூதர் இரபேல் என்பதை அப்போது எவரும் அறியார். தாய் அன்னா அழுகிறாள். குறித்த நாளில் மகன் வரவில்லை. தந்தை நாட்களை எண்ணுகிறார். தாய் வழியையே பார்த்திருக்கிறாள். இவ்வளவு கவலைக்கிடையிலும் மகனை அனுப்பியதுதான் அவர்கள் செய்த நற்செயல். தோபியா பணத்தோடு மட்டும் திரும்பவில்லை. வழியில் தான் பெற்ற மருந்தைத் தந்தையின் கண்ணிலிட்டான்; அவர் பார்வை பெற்றார்.

நம் பிள்ளைகளும் சில மாற்றங்களோடு திரும்புவர். தட்டைத் தானே கழுவும் மகனைக் கண்டு சிலர் நகைக்கலாம். தன் கருத்தைத் துணிந்து கூறும் மகளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கலாம். அவசரப்பட வேண்டாம். அவர்கள் கொண்டுவருவதில் நம் கண்ணுக்கான மருந்தும் இருக்கக்கூடும்.

இம்மாத முயற்சி: உங்கள் பங்கிலிருந்து அயல்நாடு சென்றுள்ள ஒரு மாணவரின் பெயரைக் கேட்டறிந்து, குடும்பச் செபத்தில் நாள்தோறும் நினைவுகூருங்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் பயிலும் வடகிழக்கு மாநில, ஆப்பிரிக்க மாணவர் ஒருவரை ஒரு ஞாயிறு பகலுணவுக்கு அழையுங்கள். அவருடைய தாயும் எங்கோ அமர்ந்து, தன் பிள்ளை இன்று யாரோடு உண்டதோ என்று எண்ணிக்கொண்டிருப்பாள்.