‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு’ன்னு சொல்றவங்களுக்கு

போன செமஸ்டர்ல ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி நெட் போச்சு. மூணு நிமிஷத்துல திரும்ப வந்துடுச்சு. ஆனா அதுக்குள்ள டெஸ்ட் விண்டோ மூடிடுச்சு. அந்தக் கம்பெனி எங்க காலேஜுக்கு மறுபடி வரல.

அன்னிக்கு ராத்திரி நான் திட்டினது கேபிள் அண்ணனை. ரெண்டு வாரத்துல மூணு தடவை கூப்பிட்டிருந்தேன். ரெண்டு தடவை வந்தாரு. ஃபைபரைக் கழட்டி மீட்டர்ல வச்சு, "மைனஸ் இருபத்தொண்ணு காட்டுது தம்பி, லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. வீட்டு பாக்ஸுக்கு மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும் சிக்னல் வந்தா போதும், மைனஸ் 21 தாராளம். எனக்கு அது அப்போ தெரியாது. சால்ஜாப்பு சொல்றாருன்னு நினைச்சு, "வேலை தெரியலன்னா எதுக்குண்ணா வர்றீங்க?"ன்னு கேட்டுட்டேன். ஹைவேல உயரமா லோடு ஏத்துன லாரி ஒயரை இழுத்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் ஏணியோட ஓடுற மனுஷன் அவரு.

கம்பெனியோட கஸ்டமர் கேர் வேற மாதிரி. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணேன். நெட் வந்துச்சு. அடுத்த நிமிஷம் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ன்னு மெசேஜும் வந்துச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான்: ரீஸ்டார்ட் ஒரு தீர்வே இல்ல. கொலை நடந்த இடத்தைக் கழுவி விடுற வேலை அது. ரூட்டர் எத்தனை மணி நேரமா ஓடிட்டிருக்கு, கடைசியா எப்போ அறுந்துச்சு, எல்லாம் அதுக்குள்ளயே பதிவாகி இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பெரும்பாலும் அழிஞ்சிடும். அப்புறம் தேடறதுக்கு ஒண்ணும் இருக்காது.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அஞ்சு யூனிட் படிச்சோம். சிஎஸ்எம்ஏ பத்தி 13 மார்க்குக்குப் பக்கம் பக்கமா எழுதினோம். ஆனா ‘நம்ம வீட்டு நெட் ஏன்டா போகுது?’ன்னு அம்மா கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல.

டெஸ்ட் போன கடுப்புல, மூணு நாள் லேப்டாப்ல ரெண்டு கறுப்பு விண்டோ திறந்து வச்சேன். ஒண்ணுல ரூட்டருக்கே பிங், அதாவது 192.168.1.1. இன்னொண்ணுல வெளிய 8.8.8.8-க்கு பிங். ரூட்டருக்குப் போற பிங் ஒழுங்கா இருந்து வெளிய போறது மட்டும் அறுந்தா, லைன்லயோ கம்பெனிலயோ கோளாறு. ரூட்டருக்கே போய்ச் சேரலன்னா, கோளாறு வீட்டுக்குள்ள. எங்க வீட்டுல ரெண்டும் ஒரே நேரத்துல செத்துச்சு. உடனே ரூட்டர் பேஜைத் திறந்து அப்டைம் பார்த்தேன்: ரெண்டு நிமிஷம். ரூட்டர் தானா அணைஞ்சு எரிஞ்சிருக்கு. நான் உள் ரூம்ல, அது ஹால்ல, அதனால கண்ணுல படல. மூணு நாளும் ஆறு முப்பத்தஞ்சுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவுல.

மூணாவது நாள் அந்த நேரத்துல பின்னாடியிருந்து குரல்: "டேய், மோட்டர் போட்டிருக்கேன், டேங்க் ரொம்புனா சொல்லு."

அம்மா ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை. கம்பெனி பஸ் மாதனூர்ல இறக்கி விடுற நேரம் அது. வீட்டுக்குள்ள வந்ததும் முதல் வேலை மோட்டர் போடுறது. மோட்டர் கிளம்புற நொடில வோல்டேஜ் ஒரு குதி குதிச்சு இறங்கும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கிடும். நாலு வருஷமா கொதிச்சுக் கிடந்த எங்க 12 வோல்ட் அடாப்டர் தாங்கல. பக்கத்து வீட்டுல அதே அளவு அடாப்டர் ஒண்ணு கடன் வாங்கிப் போட்டு, மோட்டரை அஞ்சு தடவை போட்டுப் போட்டு நிறுத்தினேன் (அம்மா திட்டினது தனிக் கதை). ரூட்டர் அசையல.

வேல்ஸ் நாட்டுல அபர்ஹோசன்னு ஒரு கிராமம். அங்க 18 மாசமா தினம் காலைல ஏழு மணிக்கு ஊருக்கே நெட் போச்சு. கேபிளைக்கூட மாத்திப் பார்த்தாங்க. கடைசில 2020-ல இன்ஜினியர்கள் சிக்னல் அளக்குற கருவியோட தெருத்தெருவா நடந்து கண்டுபிடிச்சது ஒரு பழைய டிவிய. காலைல ஏழு மணிக்கு ஆன் பண்ணதும் அது கிளப்புன மின் இரைச்சல்தான் காரணம். அவங்க ஊருக்கு டிவி, எங்க வீட்டுக்கு மோட்டர். ரெண்டு கேஸ்லயும் ‘எப்போ?’ங்கிற கேள்விதான் ஆளைப் பிடிச்சுக் குடுத்துச்சு.

கம்பெனி மேல எனக்குக் கோபம் வர்றது இங்கதான். ஃபைபர் பாக்ஸுக்குக் கரண்ட் போகும்போது கடைசி மூச்சுல ஒரு செய்தி அனுப்பிட்டுச் சாகுற வசதி அந்தத் தரநிலையிலயே இருக்கு. பேரே ‘டையிங் காஸ்ப்’. லைன் அறுந்ததா, கரண்ட் போச்சான்னு அந்தப் பக்கம் உக்காந்தே பிரிச்சுச் சொல்லலாம். யாராவது ஒருத்தர் ஸ்கிரீனைப் பார்த்து, "தினம் ஒரே நேரத்துல கரண்ட் போகுதே, வீட்டுல என்ன போடுறீங்க?"ன்னு கேட்டிருந்தா எனக்கு ஒரு டெஸ்ட் மிச்சம். அதுக்குப் பதிலா, "ஸ்லோவா இருந்தா 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க சார்"ன்னாங்க.

ஸ்லோங்கிறது வேற வியாதி. எங்க ரூட்டர் இரும்பு பீரோ மேல, சுவரோரமா, சாமி படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. திறந்த இடத்துக்கு மாத்தினதும் ரூட்டருக்குப் போற பிங் எண்பதுல இருந்து நாலுக்கு இறங்குச்சு. பத்து பைசா செலவில்ல. தெரு முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரே சேனல்ல முட்டிக்கிட்டு இருந்தாங்க. 1, 6, 11 மூணும்தான் ஒண்ணை ஒண்ணு தொடாத சேனல். காலியா இருந்த 11-க்கு மாறினேன், லேப்டாப்பை 5-க்குத் தள்ளினேன்.

அப்படியும் தங்கச்சி போன் சார்ஜ்ல போட்டு ஃபோட்டோ பேக்கப் ஓடினா என் வீடியோ கால் இழுக்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. ரோடு எவ்வளவு அகலமா இருந்தாலும், கேட்ல லாரியா நின்னா அவசரமா போற பைக்கும் க்யூல மாட்டும். ரூட்டரோட பெரிய பஃபர் அப்படித்தான். ஜிம் கெட்டிஸ்ங்கிற இன்ஜினியர் 2010-ல தன் வீட்டு நெட்டை நோண்டப் போய்த்தான் இதைப் பிடிச்சு, ‘பஃபர்ப்ளோட்’னு பேர் பிரபலமாச்சு. 2012-ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்ங்கிற மருந்து குடுத்தாங்க. ஆமா, டிசிபி கஞ்சஷன் கன்ட்ரோல்ல வர்ற அதே ஜேக்கப்சன். நம்ம சிலபஸ் வீட்டு ஹால்லயே ஓடிட்டிருக்கு, லேப் ரெக்கார்டுல மட்டும்தான் அதைத் தேடறோம்.

‘எல்லாருக்கும் இதெல்லாம் தெரியணுமா, காசு குடுக்கறோம்ல?’ன்னு நண்பன் கேட்டான். எங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பி.இ. படிக்கற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியணும். தெரியாம கத்துறப்போ அந்தக் கத்தல் கம்பெனிக்குப் போறதில்ல, ஏணியில நிக்கறவர் மேலதான் விழுது.

அடாப்டர் மாத்தின மறுநாள் கேபிள் அண்ணனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் முழிச்சாரு. "மோட்டரா? அட, இதே மாதிரி இன்னும் ரெண்டு வீட்டுல சொல்றாங்க தம்பி. சாயங்காலம் ஃப்ரீயா இருக்கியா, கூட வர்றியா?"ன்னாரு. போனேன்.